பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு பிரஷர் பார்ப்பதை நிறுத்திவிடட்டுமா?

இரவுப்பணி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 27 வருடம் செவிலியாக வேலை பார்த்தவள். கடைசி 11 வருடம் அவசர சிகிச்சைப் பிரிவில். விருப்ப ஓய்வு வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. நாங்கள் இருக்கும் குடியிருப்பில் 64 வீடுகள். நான் நர்ஸ் என்பது எப்படியோ பரவிவிட்டது. முதலில் நெற்றியில் அடிபட்ட ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அப்புறம் கட்டு மாற்ற ஒரு பாட்டி. அப்புறம் மருந்துச் சீட்டைக் காட்டி எது காலைக்கு, எது ராத்திரிக்கு என்று கேட்க ஒருவர். கடைசியில் சனிக்கிழமை காலையில் ஏழெட்டுப் பேர் பிரஷர் பார்க்க வருவது வழக்கமாகிவிட்டது. எனக்கும் அது பிடித்திருந்தது. இத்தனை வருடம் கையோடு இருந்த வேலை திடீரென்று இல்லாமல் போன வருத்தம் அந்த ஒரு மணி நேரத்தில் தீரும்.

நான்கு மாதத்துக்கு முன்னால், இரவு எட்டே முக்கால் இருக்கும். மூன்றாம் மாடி அண்ணன் வந்தார். 58 வயது. எப்போதும் வாசலில் நின்றே பேசிவிட்டுப் போகிறவர், அன்றைக்கு நேராக உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "தங்கச்சி, கொஞ்சம் பிரஷர் பாரு. சாயங்காலத்திலேருந்து நெஞ்சு ஒரு மாதிரி அடைச்சுக்கிட்டே இருக்கு" என்றார். பட்டையைச் சுற்றினேன். 128/82. நாடி 84. வியர்வை இல்லை, கைவலி இல்லை, மூச்சு வாங்கவும் இல்லை. நான் சொன்னது அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது: "பிரஷர் சரியாத்தான் இருக்கு அண்ணே. ஆனா அடைப்பு மாதிரி இருக்குன்னா எதுக்கும் ஒரு ஈசிஜி எடுத்துப் பார்த்துடுங்க."

முதல் வாக்கியத்திலேயே அவர் முகம் தெளிந்துவிட்டது. இரண்டாவது வாக்கியம் அவர் காதில் விழுந்ததா என்று எனக்கு இன்று வரை தெரியவில்லை. மேலே போய், "தங்கச்சி பார்த்துட்டா, ஒண்ணும் இல்லையாம்" என்று வீட்டில் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். அதிகாலை மூன்று மணிக்கு அண்ணி என் கதவைத் தட்டினார்.

மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார். ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள், இப்போது நடமாடுகிறார். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி போய்விட்டது, ஆறு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். முன்பு படியேறி வந்தவர் இப்போது ஒரு மாடிக்கே நின்று நின்று வருகிறார். அவரோ அண்ணியோ என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. போன வாரம்கூட என் மகளுக்குப் பிறந்தநாள் வாழ்த்து சொல்லிவிட்டுப் போனார். சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து சனிக்கிழமை யாராவது வந்தால் ஏதாவது சாக்கு சொல்லி அனுப்பிவிடுகிறேன். வீட்டில் எல்லோரும், "விட்டுடு, உனக்கெதுக்கு" என்கிறார்கள். ஆனால் 64 வீட்டில் தனியாக இருக்கும் வயதானவர்கள் மட்டும் ஒன்பது பேர். எனக்குத் தெரிந்த வேலையை வைத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டு உட்காரவும் மனசு வரவில்லை. என்னை மாதிரி அக்கம்பக்கத்தில் உதவி செய்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நிறுத்திவிடட்டுமா? தொடர்வதென்றால் எப்படித் தொடர்வது? முதலுதவி வகுப்பு எடுக்கலாமா என்றும் ஒரு யோசனை இருக்கிறது. வார்டில் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், மருத்துவம் படிக்காதவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துப் பழக்கமில்லை.

முதல்பத்துநிமிடம் எழுதியது:

அக்கா, நிறுத்தாதீர்கள். ஆனால் செய்கிற விதத்தை மாற்றியே ஆகவேண்டும்.

நான் எலக்ட்ரீஷியன். மருத்துவம் படித்தவன் இல்லை. 19 வருடத்துக்கு முன்னால் ஒரு வேலையிடத்தில் என்கூட வேலை பார்த்த பையனுக்கு ஷாக் அடித்தது. மெயினை அணைத்துவிட்டுத்தான் தொடவேண்டும் என்பது எனக்குத் தெரியும், அது என் தொழில். அணைத்தேன். அதற்கப்புறம் என்ன செய்வது என்று தெரியாமல் ஆறு பேர் சுற்றி நின்றோம். அடுத்த மாதமே முதலுதவிப் பயிற்சியில் சேர்ந்தேன். இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிறு நானே சொல்லிக்கொடுக்கிறேன்.

உங்களுக்கு நடந்தது எனக்கும் வேறு மாதிரி நடந்திருக்கிறது, அதனால் சொல்கிறேன். மக்கள் நம்மிடம் வருவது எண்ணைத் தெரிந்துகொள்ள இல்லை அக்கா. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்க ஒரு அனுமதி வேண்டும், அதற்காக வருகிறார்கள். செலவு, பயம், ராத்திரி நேரம், பிள்ளைகளுக்குத் தொந்தரவு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். நாம் வாயைத் திறந்து "சரியா இருக்கு" என்றதும் அந்த அனுமதி கிடைத்துவிடுகிறது. அதற்கப்புறம் "ஆனா" போட்டு நாம் சொல்வது எதுவும் உள்ளே போகாது. நீங்கள் அனுபவசாலி, உங்கள் பேச்சுக்கு மதிப்பு அதிகம், அதனால் உங்களிடம் இந்த ஆபத்தும் அதிகம்.

அதனால் நான் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறேன். நெஞ்சு அடைப்பு, திடீர் மூச்சுத்திணறல், வாய் கோணல், ஒரு பக்கம் கை தூக்க முடியாமை, பேச்சுக் குழறல், இதுவரை வந்ததே இல்லாத கடுமையான தலைவலி, மயங்கி விழுந்து எழுந்தது, இதில் எதைச் சொல்லிக்கொண்டு வந்தாலும் கருவியைத் தொடுவதில்லை. முதலில் போன்தான். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அவரைச் சாய்ந்தாற்போல் உட்காரவைத்து, வீட்டிலிருந்து ஒருவரை வரவழைக்கிறேன். இதெல்லாம் முடிந்து நேரம் இருந்தால்தான் பிரஷர், நாடி எல்லாம். அந்த எண்ணையும் நோயாளியிடம் சொல்வதில்லை. ஒரு துண்டுச் சீட்டில் நேரத்தோடு எழுதி ஆம்புலன்ஸில் வருபவர் கையில் கொடுக்கிறேன்.

இன்னொன்று, வந்தவரிடம் மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லுங்கள், அவரைத் திருப்பிச் சொல்லவும் சொல்லுங்கள். "இப்போ என்ன செய்யப்போறீங்க, சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டால்தான் அவர்கள் காதில் எது விழுந்தது என்று தெரியும். அன்றைக்கு நீங்கள் அண்ணிக்கு ஒரு போன் போட்டிருந்தால் என்று நான் குத்திக்காட்டவில்லை. நானும் அப்படிச் செய்யாமல் விட்டு ஒருமுறை பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

வகுப்பு எடுக்கிற யோசனை ரொம்ப நல்லது. நீங்கள் ஒருவர் மட்டும் தெரிந்து வைத்திருந்தால், நீங்கள் ஊருக்குப் போயிருக்கும் நாளில் அந்தக் குடியிருப்பில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. மூச்சும் நாடியும் நின்றுபோனால் நாலைந்து நிமிடத்திலேயே மூளை பாதிக்கப்பட ஆரம்பிக்கிறது. ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும் அதற்குள் வருவது அபூர்வம். அந்த நேரத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கைதான் உண்டு. மார்பைத் திறக்காமல் வெளியிலிருந்தே அழுத்தி ரத்தத்தை ஓடவைக்கலாம் என்று 1960 இல் எழுதிய மருத்துவர்களே, இதற்கு இரண்டு கைகள் போதும், யாரும் எங்கும் தொடங்கலாம் என்றுதான் சொன்னார்கள்.

வகுப்பில் நான் கண்ட சில விஷயங்கள். எல்லோரும் மெதுவாகத்தான் அழுத்துவார்கள். பயிற்சிப் பொம்மைக்கு வலித்துவிடுமோ என்பது போல. பெரியவர்களுக்கு மார்பு 5 முதல் 6 செ.மீ. உள்ளே போகவேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. சரியான ஆழம் போனால் பொம்மைக்குள் "டக்" என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் முதல்முறை கேட்கும்போது ஒவ்வொருவரும் நிமிர்ந்து என்னைப் பார்ப்பார்கள், "இவ்வளவு அழுத்தணுமா" என்று. முழங்கை மடங்கினால் அந்த ஆழம் வராது. தோள் நேராக மேலே இருக்கவேண்டும், உடம்பு எடை இறங்கவேண்டும், ஒவ்வொரு தடவையும் மார்பு முழுசாக எழும்ப விடவேண்டும். தினமும் ஓடுகிற ஒரு தம்பி "நான் பத்து நிமிஷம் தாங்குவேன்" என்றான். ஒன்றரை நிமிடத்திலேயே ஆழம் குறைந்துவிட்டது, அவனுக்கே அது தெரியவில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறச் சொல்வது இதற்காகத்தான்.

மூச்சு விஷயத்தைத் தனியாக நேரம் எடுத்துச் சொல்லுங்கள். விழுந்தவர் வாயை மீன் மாதிரி திறந்து மூடுவார், இடைவெளி விட்டு விட்டு குறட்டை மாதிரி ஒரு இழுப்பு வரும். பார்க்கிறவர்கள் "மூச்சு இருக்கு" என்று விட்டுவிடுகிறார்கள். அது மூச்சு இல்லை. நீங்கள் வார்டில் நூறு தடவை பார்த்திருப்பீர்கள், வாயால் செய்தும் காட்டுவீர்கள். அதைப் புத்தகத்தில் படித்துப் புரிந்துகொள்ள முடியாது.

எங்கள் வகுப்புக்கு 74 வயது அம்மா ஒருவர் வந்தார். முட்டி மடக்க முடியாது, தரையில் உட்கார முடியாது. "எனக்கு இதில் என்ன வேலை" என்று எழுந்து போகப் பார்த்தார். அவரை அவசர எண்ணுக்குப் பேசுகிறவராக வைத்தோம். ஸ்பீக்கரில் போட்டு போனைத் தரையில் வைப்பது, விலாசத்தைத் தெளிவாகச் சொல்வது, அந்தப் பக்கம் சொல்லும்வரை துண்டிக்காமல் இருப்பது, அழுத்துகிறவருக்கு 1 முதல் 30 வரை உரக்க எண்ணுவது. அவர் எண்ணினால் யாருக்கும் வேகம் தவறாது. இப்போது ஒவ்வொரு வகுப்புக்கும் அவர்தான் எண்ணுகிறார்.

அப்புறம் ஒரு ஒத்திகை வையுங்கள். வகுப்பைவிட இது முக்கியம் என்பேன். ஐந்தாம் மாடியில் ஒருவர் விழுந்துவிட்டதாக வைத்துக்கொண்டு நாங்கள் ஒருநாள் செய்து பார்த்தோம். கையில் வாட்சோடு நான் நின்றேன். போன் செய்ய 40 நொடி. பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வந்து சேர ஒரு நிமிடம். ராத்திரியில் பூட்டும் பெரிய கேட்டின் சாவியைக் கண்டுபிடிக்க மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனது. லிஃப்டுக்குள் ஸ்ட்ரெச்சர் நீளவாக்கில் நுழையாது என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. இப்போது சாவி மூன்று வீட்டில் இருக்கிறது, தெருமுனையில் போய் நிற்க ஒருவர், லிஃப்டைக் கீழே பிடித்து வைக்க ஒருவர் என்று முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறோம். இதில் எதற்கும் மருத்துவம் தெரியவேண்டியதில்லை.

ஒரு மாலைக்கு இரண்டு விஷயம் போதும் அக்கா. மார்பை அழுத்தும் இந்த சிபிஆரும் தொண்டை அடைப்பும் முதல் நாள். ரத்தப்போக்கும் தீக்காயமும் இன்னொரு நாள். தீக்காயத்துக்கு ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் என்று சொன்னால் தலையாட்டுவார்கள். குழாயடியில் கையை நீட்டச் சொல்லி வாட்சைப் பார்க்கச் சொல்லுங்கள், 20 நிமிடம் எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரியும். பற்பசை தடவுவது, ஐஸ் வைப்பது, வலிப்பு வந்தவர் வாயில் ஸ்பூனைத் திணிப்பது, இதையெல்லாம் மறக்கவைக்கத்தான் அதிக நேரம் ஆகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோரையும் அரை மணி நேரம் கூப்பிட்டு மறுபடியும் செய்ய வையுங்கள். இல்லாவிட்டால் கை மறந்துவிடும்.

வார்டு7 எழுதியது:

சிஸ்டர், நான் மருத்துவர். ஒரே ஒரு திருத்தம் சொல்கிறேன், உங்கள் மனதைப் புண்படுத்த இல்லை.

அன்றைக்கு அவர் ஈசிஜி எடுத்திருந்தாலும், முதல் ஈசிஜி சாதாரணமாக வந்திருக்க வாய்ப்பு உண்டு. மாரடைப்பின் ஆரம்பத்தில் அப்படி வருவது புதிதல்ல, உங்களுக்கே தெரியும். அதனால்தான் நாங்கள் சில மணி நேரம் வைத்திருந்து திரும்பத் திரும்ப ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும் செய்கிறோம். ஆகவே இனி "ஈசிஜி எடுத்துப் பாருங்கள்" என்று சொல்லாதீர்கள். "இப்போதே அவசரப் பிரிவுக்குப் போங்கள்" என்று சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. முதலாவதைக் கேட்டவர் நாளைக் காலையில் பக்கத்தில் எங்கேயாவது எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பார். பிரஷரும் அப்படித்தான், 128/82 இருக்கும்போதே மாரடைப்பு நடந்துகொண்டிருக்கலாம்.

பிரஷர் பார்ப்பது வீண் வேலை அல்ல. ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்களுக்கு, ஒரே நேரத்தில், ஒரே கருவியில், ஒரே ஆள் பார்த்து எழுதிய இரண்டு மாதக் குறிப்பு என் மேசைக்கு வந்தால் எனக்கு அது பெரிய உதவி. என் அறையில் ஒருமுறை பார்ப்பதைவிட அதை அதிகம் நம்புவேன். ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்து, கால் தரையில் பதிய, முதுகு சாய்ந்து, கை இதய மட்டத்தில் இருக்கப் பாருங்கள். கைக்குப் பொருந்தாத சின்னப் பட்டையைச் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன நோட்டு, அது அவரவரிடமே இருக்கட்டும். உங்களிடம் பட்டியல் வேண்டாம். எந்த வீட்டில் யாருக்கு என்ன நோய் என்ற விவரம் உங்கள் கையில் சேரக்கூடாது, அது உங்களுக்கும் பாரம்.

ஊசி, சலைன், ஒருவர் வீட்டில் மீந்த மாத்திரையை இன்னொருவருக்குக் கொடுப்பது, இதற்கெல்லாம் எவ்வளவு கெஞ்சினாலும் சம்மதிக்காதீர்கள். ஊசிக்கு ஒவ்வாமை வந்தால் அதைச் சமாளிக்க உங்கள் வரவேற்பறையில் ஒன்றும் இல்லை. மாரடைப்பு சந்தேகத்தில் ஆஸ்பிரின் மென்று சாப்பிடச் சொல்வதுகூட, அவசர எண்ணில் பேசுகிறவர் ஒவ்வாமையும் ரத்தப்போக்கும் விசாரித்துவிட்டுச் சொன்னால் செய்யுங்கள். உங்கள் செவிலியர் பதிவு நடப்பில் இருக்கிறதா, பணியில் இல்லாதபோது எது வரை செய்யலாம் என்பதை உங்களைப் பதிவு செய்த அமைப்பிடம் ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதலுதவி அமைப்பு ஒன்றில் தன்னார்வலராகச் சேர்ந்துகொண்டால் இன்னும் நல்லது. பயிற்சிப் பொம்மையும் அவர்களிடமே கிடைக்கும்.

பக்கவாதம் மாதிரி வந்தால் ஒரு விஷயம் மட்டும் எனக்கு எழுதி அனுப்புங்கள்: கடைசியாக அவர் நன்றாக இருந்ததைப் பார்த்தது எத்தனை மணிக்கு. மூளைக்குப் போகும் குழாயை அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாமா என்று முடிவு செய்ய எங்களுக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் இருக்கிறது. வீட்டில் இருப்பவர்கள் பதற்றத்தில் இதை மாற்றி மாற்றிச் சொல்வார்கள். நீங்கள் எழுதிக் கொடுத்தால் அதை நம்பி வேலை செய்வோம்.

கணக்குவாத்தியார் எழுதியது:

அம்மா, நான் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். இந்தத் துறைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும் என்று தோன்றியது.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு அரைநாள் வகுப்பில் சிபிஆர் கற்றுக்கொண்டேன். ஏழு மாதம் கழித்து ஒரு பேருந்து நிறுத்தத்தில் எனக்கு முன்னால் நின்ற மனிதர் அப்படியே சரிந்து விழுந்தார். என் வயதுதான் இருக்கும். பையைக் கீழே போட்டுவிட்டு மண்டியிட்டேன். பொம்மைக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாட்டை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. நாலாவது ஐந்தாவது அழுத்தத்திலேயே கைக்கு அடியில் ஏதோ முறிந்தது. விலா எலும்பு. நிறுத்திவிட்டேன். பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண், "சார், நிறுத்தாதீங்க, அப்படித்தான் ஆகும்" என்றாள். தொடர்ந்தேன். அவளும் நானும் மாறி மாறி 11 நிமிடம். ஆம்புலன்ஸ் வந்து அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். மறுநாள் விசாரித்தபோது அவர் இறந்துவிட்டதாகத் தெரிந்தது.

இரண்டு மாதம் எனக்குச் சரியான தூக்கமில்லை. நான் முறித்த எலும்பால்தான் போய்விட்டாரோ என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பேன். எனக்கு வகுப்பு எடுத்தவரைத் தேடிப் போனேன். ஒரு மணி நேரம் என்னைப் பேசவிட்டார். பிறகு, இதயம் நின்றுபோன ஒருவருக்கு நாம் செய்வதால் அதைவிட மோசமாக ஒன்றும் ஆகிவிடாது, நாம் அழுத்தியிருக்காவிட்டால் அவருக்கு இருந்த கொஞ்ச வாய்ப்பும் இருந்திருக்காது, எல்லாம் சரியாகச் செய்தாலும் பெரும்பாலானவர்கள் பிழைப்பதில்லை என்றார். இதை முதல் வகுப்பிலேயே அவர் சொல்லியிருக்கலாம் என்று நான் சொன்னேன். அதிலிருந்து அவர் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்கிறார்.

நீங்களும் சொல்லுங்கள். எலும்பு முறியும் சத்தத்தைப் பற்றிச் சொல்லுங்கள். முடிந்தவுடன் வீட்டுக்குப் போய்த் தனியாக உட்காராதீர்கள், என்னிடம் வாருங்கள் என்று சொல்லுங்கள். இத்தனை வருடம் அவசரப் பிரிவில் இருந்த உங்களைவிட இதைச் சொல்ல வேறு யாருக்குத் தகுதி இருக்கிறது?

அப்புறம் இன்னொன்று. 1859 இல் இத்தாலியில் சோல்ஃபெரினோ போர் முடிந்தபோது, காயம்பட்டவர்களைப் பக்கத்து ஊரான காஸ்டிலியோனேவுக்குத் தூக்கி வந்தார்கள். மருத்துவர்கள் போதவில்லை. அந்த ஊர்ப் பெண்கள் எந்த நாட்டுப் படைவீரன் என்று பார்க்காமல் தண்ணீர் கொடுத்தார்கள், காயம் கழுவினார்கள், கட்டுப் போட்டார்கள். அவர்களோடு நின்று வேலை செய்த ஆன்றி துனான் ஒரு வியாபாரி, மருத்துவர் அல்ல. அவர் அங்கே பார்த்ததிலிருந்துதான் நான்கு வருடம் கழித்துச் செஞ்சிலுவை அமைப்பு பிறந்தது. இந்த வரலாறு தெரிந்த பிறகுதான், ஒன்றும் தெரியாத நான் இதற்குள் வந்தது சரிதான் என்று எனக்குப் பட்டது. உங்கள் 64 வீட்டிலும் என்னைப் போல் நாலு பேர் இருப்பார்கள். அவர்களைக் கூப்பிடுங்கள்.

இரவுப்பணி எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. பதில் எழுத எட்டு நாள் எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் முதலில் ஒரு வேலை முடிக்கவேண்டியிருந்தது.

டாக்டர் சார், நீங்கள் சொன்னது என்னைப் புண்படுத்தவில்லை. வார்டில் இருந்திருந்தால் அவரை நான் வீட்டுக்கு அனுப்பியிருக்கவே மாட்டேன். வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்ததால் பக்கத்து வீட்டுக்காரியாகப் பேசிவிட்டேன். எங்கே தவறினேன் என்று நான்கு மாதமாக என்னால் சொல்ல முடியவில்லை, இப்போது முடிகிறது.

எலக்ட்ரீஷியன் தம்பி சொன்ன துண்டுச் சீட்டை அச்சடித்துவிட்டேன். மேலே பெரிய எழுத்தில் "இப்போதே அவசரப் பிரிவுக்கு", அதன் கீழே எப்போது ஆரம்பித்தது, கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணி, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எதற்கு ஒவ்வாமை. அளவு எழுத ஒரு வரி, அது கடைசியில்.

பிறகு மூன்றாம் மாடிக்குப் போனேன். அன்றைக்கு நான் சொன்னதையும், எப்படிச் சொல்லியிருக்கவேண்டும் என்பதையும் அண்ணனிடமும் அண்ணியிடமும் சொன்னேன். அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நீ ஈசிஜின்னு சொன்னது எனக்குக் கேட்டுச்சு தங்கச்சி. நான்தான் காலையில பார்த்துக்கலாம்னு நினைச்சேன்" என்றார். அண்ணி அவரை ஒரு பார்வை பார்த்தார். இதை அவர் அண்ணியிடம்கூட அதுவரை சொல்லியிருக்கவில்லை. வகுப்புக்கு வந்து இதை எல்லோர் முன்னாலும் சொல்ல முடியுமா என்று கேட்டேன். வருகிறேன் என்றிருக்கிறார்.

முதல் வகுப்பு வரும் ஞாயிறு மாலை, கீழே கார் நிறுத்தும் இடத்தில். ஒரு முதலுதவி அமைப்பில் பெயர் கொடுத்துவிட்டேன், இரண்டு பொம்மைகளை ஒரு நாளைக்குத் தருகிறார்கள். இதுவரை 17 பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அதில் நான்கு பேருக்கு முட்டி மடங்காது. தம்பி, 17 பேருக்கு இரண்டு பொம்மை போதுமா, இல்லை இரண்டு வேளையாகப் பிரித்துவிடவா? கேட் சாவி எத்தனை வீட்டில் இருக்கிறது என்று நேற்று விசாரித்தேன். ஒரே வீட்டில்தான் இருக்கிறது, அந்த வீட்டில் இப்போது ஆள் இல்லை.